எதை அளந்து பூட்டுகிறோம்?

(மயிலாப்பூரில் மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் நடந்த ஒளிப்பட வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஃபிலிம் கேமராவில் வெளிச்சத்தின் அளவையும் ஃபோகஸையும் ஓரிடத்தில் பூட்டி வைத்துக்கொண்டு, அப்புறம் ஃபிரேமைத் திருப்பிப் படமெடுப்பது எப்படி என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. இது கைவேலை விஷயமாச்சே, இதில் அரசியல் எங்கே வந்தது என்று சிலருக்குத் தோன்றலாம். கைவேலைதான். கைவேலையைக் கீழாகப் பார்க்கிற புத்தி இந்தச் சமூகத்துக்கு எங்கிருந்து வந்தது என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கைவேலையிலிருந்தே ஆரம்பிப்போம்.

கேமராவுக்குள் ஒரு லைட் மீட்டர் இருக்கு. எதிரில் இருப்பது முகமா, சுவரா, வானமா என்று அதுக்குத் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருது என்று மட்டும் அளக்கும். அளந்துவிட்டு, எதிரில் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். மேலே விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் அது. வெள்ளைச் சுவரைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துச் சாம்பலாக்கும். கறுப்புக் குடையைக் காட்டினால் வெளிச்சத்தைக் கூட்டி அதையும் சாம்பலாக்கும். பின்னாளில் வந்த கேமராக்கள் ஃபிரேமைப் பல கட்டமாகப் பிரித்து அளந்து கொஞ்சம் ஊகிக்கப் பார்க்கும். ஆனால் அதுவும் ஊகம்தான்.

சாந்தோம் தேவாலயத்தை எடுத்துக்குங்க. வெள்ளை வெளேர்னு இருக்கும். உச்சி வெயில் அந்தச் சுவரில் அடிக்குது. முன்னாடி மரத்தடி நிழலில் ஒரு அம்மா நிக்கிறாங்க. 100 வேக ஃபிலிம், ஷட்டர் 1/125 என்றால், வெயிலுக்கு எஃப் 16 போதும். வெள்ளைச் சுவரைப் பார்த்த மீட்டர் எஃப் 22-கூடக் கேட்கும். நிழலில் நிற்கிற முகத்துக்கோ எஃப் 5.6 வேணும். எஃப் 16-க்கும் 5.6-க்கும் நடுவில் மூணு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதி. ஆக முகத்துக்குச் சேர வேண்டிய வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஃபிலிமுக்குப் போகும். கோயில் நல்லா வரும், அம்மா நிழலாப் போயிடுவாங்க. கறுத்த தோல் என்றால் கண்ணும் மூக்கும்கூடப் பிரியாது.

இங்கேதான் நம்ம விஷயம் வருது. சாம்பல் ஒரு கணக்குக்காக வைத்த நடுப்புள்ளி. அதையே சாதிவெறி என்று நான் சொல்ல வரலை. ஆனால் அந்தக் கணக்கைச் சுற்றி வளர்ந்த தொழில் யார் முகத்தை மனசில் வைத்து வளர்ந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. கோடாக் கம்பெனி 1950-கள் தொடங்கி லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்று பேர். அந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வரும்வரை பிரிண்ட் மெஷினைத் திருகுவார்கள். அவளுக்குச் சரி என்றால் உலகத்துக்கே சரி. கறுப்பின மக்களின் முகத்தில் விவரம் தொலைகிறது என்கிற குறை வெகுகாலம் காதில் ஏறவில்லை. மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் எங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்துகிற வேலை வேகம் பிடித்தது என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனுஷன் முகத்துக்கு இல்லாத அக்கறை மேசை நாற்காலிக்கு இருந்திருக்கு. 1970-களின் கடைசியில் மொசாம்பிக் போன பிரெஞ்சு சினிமாக்காரர் கோதார், கோடாக் ஃபிலிம் இனவெறி கொண்டது என்று மறுத்ததும் பதிவாகியிருக்கு.

இன்னொரு பக்கமும் உண்டு. முகத்தைத் தெளிவாக எடுப்பதே ஒடுக்குமுறையாகவும் ஆகும். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்கு போலராய்டு ஃபிலிம் பயன்பட்டது. அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் இரண்டு பேரும் 1970-இல் இதை எதிர்த்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977-இல் போலராய்டு அங்கிருந்து வெளியேறியது.

நம்ம ஊரிலும் பாருங்க. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார், படமெடுத்தார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வந்தன. அளக்கப்பட்டது நம்ம பாட்டன் பூட்டன். அளவுகோல் வேற கையில். ஆகவே எதை அளப்பது, யார் அளப்பது என்பது நமக்குப் புதுக்கேள்வி கிடையாது.

இனி பூட்டுக்கு வருவோம்.

முதலில் கையால் இயக்குகிற கேமரா. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 மாதிரி. இதில் பூட்டு என்று தனியாக ஒரு பொத்தான் வேண்டாம், நாம் வைத்த அளவு வைத்தபடி நிற்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆளிடம் அனுமதி கேட்டுக் கிட்டப் போங்க. வியூஃபைண்டரில் முகம் நிறையட்டும். நம்ம நிழல் முகத்தில் விழாமல் பார்த்துக்குங்க. அளந்து, ஷட்டரையும் துளையையும் வையுங்க. பின்னாடி வந்து ஃபிரேமை அமைச்சு எடுங்க. அப்போ வானமும் சுவரும் உள்ளே வரும். கே1000-இல் ஊசி மேலே ஏறும், எஃப்எம்2-இல் பிளஸ் குறி எரியும். வெளிச்சம் அதிகம், தப்பு தப்பு என்று சொல்லும். சொல்லட்டும். நாம் அளந்தது முகத்தை. சுவர் சொல்றதைக் கேட்டுத் திருப்பி வைத்தீங்கன்னா, கிட்டப் போனது வீண்.

தானியங்கிக் கேமராவில் ஃபிரேமைத் திருப்பினதுமே அதுவாக அளவை மாற்றிவிடும். அதனால்தான் பூட்டு. நிக்கான் எஃப்இ-யில் செல்ஃப் டைமர் கம்பியை லென்ஸ் பக்கமாகத் தள்ளிப் பிடிச்சா அளவு நிற்கும். எஃப்3-இல் முன்பக்கம் ஒரு சின்னப் பொத்தான். இரண்டிலும் படம் எடுக்கிற வரை பிடிச்சுக்கிட்டே இருக்கணும், விட்டா போச்சு. கேனான் ஏஇ-1-இல் பூட்டு இல்லை. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது அமுக்க ஒரு பொத்தான் இருக்கு, அது ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுக்கும். மூணு ஸ்டாப் வித்தியாசம் உள்ள இடத்தில் அது பத்தாது.

1985-இல் மினோல்டா 7000 வந்த பிறகு ஆட்டோ ஃபோகஸ் பரவியது. இங்கேதான் குழப்பம். ஷட்டர் பொத்தானைப் பாதி அமுக்கினால் ஃபோகஸ் பூட்டிக்கும். பல சின்னக் கேமராக்களில் கூடவே வெளிச்சமும் பூட்டிக்கும். கேனான் ஈஓஎஸ் வகையில், ஃபிரேம் முழுக்கக் கட்டம் கட்டமாக அளக்கிற முறையில் வைத்திருந்தால், அங்கேயும் இரண்டும் சேர்ந்தே பூட்டும். மற்றபடி எல்லாக் கேமராவும் அப்படி இல்லை. நிக்கான் எஃப்-801-இல் வெளிச்சத்தைப் பூட்டக் கட்டைவிரலுக்கு எட்டுகிற தனிப் பொத்தான் உண்டு. ஈஓஎஸ்-இல் நட்சத்திரக் குறி போட்ட பொத்தான். உங்க கையில் இருப்பது எதைப் பூட்டுது என்று ரோல் போடும் முன்னாடியே சோதிச்சுப் பாருங்க. ஓடுகிற ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்கிற முறையில் வைத்திருந்தால், பாதி அமுக்கினாலும் ஃபோகஸ் பூட்டாது.

இரண்டு பூட்டும் வேறவேற வேலை. ஒரு தோழர் கையில் வெள்ளை மனுவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். ஃபோகஸ் அவர் கண்ணில் வேணும். ஆனா மீட்டர் அந்த வெள்ளைத் தாளையும் சேர்த்து அளந்து முகத்தை இருட்டாக்கிடும். அப்போ முதலில் கிட்டப் போய் முகத்தை அளந்து வெளிச்சத்தைக் கட்டைவிரலால் பூட்டு. அதை விடாமல் பின்னாடி வந்து, கண்ணில் குவிச்சு ஆள்காட்டி விரலால் பாதி அமுக்கு. அப்புறம் ஃபிரேமைத் திருப்பு. அப்புறம் முழுசா அமுக்கு. அளக்கிற இடம் ஒண்ணு, குவிக்கிற இடம் ஒண்ணு, படத்தின் நடு இன்னொண்ணு. மூணும் ஒரே இடமாக இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

போன வகுப்பில் ஒரு மாணவி கேட்டாங்க: கறுத்த முகத்தை அளந்தா மீட்டர் அதைச் சாம்பலாக்கி வெளுக்க வைக்காதா? சரியான கேள்வி. வெளுக்க வைக்கும், சுமார் ஒரு ஸ்டாப் அளவுக்கு. கலர் நெகட்டிவ் ஃபிலிமில் அதனால் நட்டம் இல்லை. அது அதிக வெளிச்சத்தைத் தாங்கும், பிரிண்டில் இறக்கிக்கலாம். குறைஞ்ச வெளிச்சத்தைத்தான் தாங்காது. நெகட்டிவில் ஏறாத விவரத்தை எந்த லேபும் முழுசாகக் கொண்டுவர முடியாது. ஸ்லைடு ஃபிலிம் இதுக்கு நேர் எதிர், அதில் ஒரு ஸ்டாப் குறைச்சு வையுங்க.

கிட்டப் போக முடியாத இடத்தில் இன்னொரு வழி, உள்ளங்கை. மனுஷங்க தோல் எத்தனை நிறமாக இருந்தாலும் உள்ளங்கைகளுக்குள் வித்தியாசம் அவ்வளவு பெரிசு இல்லை. நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட. ஆள் நிழலில் நின்னா உங்க கையையும் அதே மாதிரி நிழலில் நீட்டுங்க. உள்ளங்கையை அளந்து, ஒரு ஸ்டாப் திறந்து வையுங்க. சாம்பல் அட்டை வாங்கக் காசு வேண்டாம். அளவுகோல் கையிலேயே இருக்கு.

கல்யாண ஸ்டுடியோக்களில் முகத்தை வெளுப்பாக்கித் தருவதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம். நமக்கு வேண்டியது அது கிடையாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். அதுக்குள்ளே இருக்கிற சுருக்கம், வியர்வை, தழும்பு, பார்வை இதெல்லாம் தொலையக் கூடாது. அம்பேத்கர் சிலையைக் கீழேயிருந்து வானம் பின்னணியாக எடுக்கிறவங்களுக்கும் இதுவே. வானத்தை அளந்தா பாபாசாகேப் கரிக்கட்டையா நிப்பார். சிலை வெயிலில் இருந்தால், அதே வெயிலில் கிடக்கிற புல்தரையையோ பழைய தார்ச்சாலையையோ அளந்து பூட்டிட்டு மேலே பாருங்க.

ஃபோகஸ் பூட்டில் ஒரு கணக்கு இருக்கு. இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு முகம். 50 மில்லிமீட்டர் லென்ஸ், துளை எஃப் 2. அப்போ தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே சுமார் 20 சென்டிமீட்டர். கண்ணில் குவிச்சுப் பூட்டிட்டு, முகம் ஃபிரேமின் ஓரத்துக்குப் போகிற மாதிரி 15 டிகிரி திருப்பினா, குவிஞ்ச தளம் சுமார் 7 சென்டிமீட்டர் பின்னுக்குப் போகும். கண்ணில் வைத்த தெளிவு காதுப்பக்கம் போய் நிற்கும். எஃப் 8-க்கு மூடினா அந்த ஆழம் 75 சென்டிமீட்டரைத் தாண்டும், பிரச்சினை இல்லை. மூட முடியாத இருட்டில் கேமராவைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்த்துங்க. தூரம் மாறாது.

ரங்கநாதன் தெருவில் வேற சிக்கல். கூட்டம். இரண்டு பேர் பேசிக்கிட்டு நிக்கிறாங்க, நடுவில் இடைவெளி. ஃபோகஸ் கட்டம் அந்த இடைவெளி வழியா பின்னாடி துணிக்கடை விளக்கில் போய் உட்காரும். இரண்டு முகமும் மங்கும், கடைப் பெயர்ப் பலகை பளிச்சுனு வரும். ஒரு முகத்தில் பூட்டிட்டு நடுவுக்குத் திருப்புங்க.

ஊர்வலத்தில் இதுக்கெல்லாம் நேரம் கிடையாது. தடியடி நடக்கும்போது பாதி அமுக்கிக் காத்திருக்க முடியாது. முன்கூட்டியே பூட்டணும். ஆட்டோ ஃபோகஸை அணைச்சிட்டு, 35 மில்லிமீட்டர் லென்ஸில் துளை எஃப் 11, தூரம் 3 மீட்டர் என்று வையுங்க. சுமார் 2 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு மேல் வரை தெளிவாக இருக்கும். வெளிச்சத்தை உள்ளங்கையில் அளந்து வைச்சிடுங்க. பிறகு மேகம் வந்தாலோ, தெருவின் வெயில் பக்கத்திலிருந்து நிழல் பக்கம் போனாலோ மறுபடி அளங்க. பூட்டினதைத் திறக்கத் தெரியணும். காலையில் அளந்ததை வைத்து மாலையில் தீர்ப்புச் சொல்வது கேமராவிலும் தப்பு, இயக்கத்திலும் தப்பு.

இது ஏன் உயிர் போகிற விஷயம் என்றால், 1999 ஜூலை 23 திருநெல்வேலியை நினைச்சுக்குங்க. மாஞ்சோலைத் தொழிலாளருக்காகப் போன ஊர்வலத்தில் தடியடி, தாமிரபரணியில் 17 உயிர். அன்றைக்கு எடுத்த படங்களும் வீடியோவும் இல்லாமல் இருந்தால் அரசுத் தரப்பின் சொல் மட்டுமே மிஞ்சியிருக்கும். இங்கே பக்கத்திலேயே, 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கால்வாய் ஓர வீடுகளை நீதிமன்ற உத்தரவைக் காட்டி இடித்தார்கள். ஒருவர் தீக்குளித்து இறந்தார். இப்படிப்பட்ட இடத்தில் உச்சி வெயில், தூசி, உடைஞ்ச வெள்ளைச் சுவர் எல்லாமே மீட்டரை ஏமாற்றும். வீடு இழந்தவர் முகம் இருட்டில் போய், புல்டோசர் மஞ்சளாகத் தெளிவாக வந்தால், அந்தப் படம் யாருக்குச் சாட்சி?

படம் அதோடு முடியலை. லேபில் பிரிண்ட் மெஷினும் சராசரிதான் பார்க்கும். நீங்க முகத்துக்கு வைத்த அளவை அது வானத்துக்காக மறுபடி இறக்கிடும். 'முகத்தைப் பார்த்துப் போடுங்க' என்று கவரில் எழுதிக் கொடுங்க, சரியில்லைன்னா மறுபடி கேளுங்க. பத்திரிகையில் அச்சாகும்போது மைப்புள்ளி தாளில் பரவி இன்னும் ஒருபடி இருளும். நம்ம சிறுபத்திரிகைகளில் ஜெராக்ஸிலிருந்து எடுத்துப் போட்ட எத்தனை முகங்கள் வெறும் மையாகப் போயிருக்கு, பழைய இதழ்களைப் புரட்டினால் தெரியும். கொல்லப்பட்டவர்களின் கடைசிப் படமாக அதுதான் இருக்கும். அதனால் நெகட்டிவைப் பத்திரப்படுத்துங்க. தேதி, இடம் எழுதி வையுங்க.

இன்னொண்ணு, எல்லா முகமும் தெரிய வேண்டும் என்பது இல்லை. புகார் கொடுத்த பெண், வழக்குக்குப் பயப்படுகிற பையன், இவங்க முகம் தெரிந்தால் ஆபத்து. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம். பழைய சட்டத்தில் 228ஏ, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 72-ஆம் பிரிவு. அங்கே இதே பூட்டைத் திருப்பிப் போடுங்க. பின்னாடி இருக்கிற வானத்தையோ ஜன்னலையோ அளந்து பூட்டினா ஆள் நிழலுருவாக வருவார். ஆனாலும் நெகட்டிவில் அடையாளம் காணும் அளவுக்கு ஏதாவது மிச்சம் இருக்கலாம். அதை யார் கையிலும் கொடுக்காதீங்க. அதைவிட நல்லது, முதுகுப் பக்கமிருந்து எடுப்பது. எதுவானாலும் அவங்களைக் கேட்டு முடிவு பண்ணுங்க. முகத்தை மீட்டர் மறைத்தால் அது விபத்து. அவங்க சொல்லி நாம் மறைத்தால் அது அவங்க உரிமை.

செல்போன் வைத்திருக்கிற தோழர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடிச்சா இதே இரண்டு பூட்டும் விழுகிற போன்கள் நிறைய. ஃபிலிமில் கத்துக்கச் சொல்வதுக்குக் காரணம் வேற. ஒரு ரோலில் 36 படம். ரோல் விலையும் கழுவுகிற கூலியும் சேர்ந்தால் பலருக்கு ஒரு நாள் கூலி. அளக்காமல் அமுக்க மனசு வராது.

நம்ம காலத்திலேயே முன்னாடி நடப்பவர்கள் இருக்காங்க. துப்புரவுத் தொழிலாளர் வாழ்வைத் தொடர்ந்து படமெடுக்கிற, 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த எம். பழனிகுமார், வாடிப்பட்டியில் தன் குடும்பத்தையே படமாக்கிய ஜெய்சிங் நாகேஸ்வரன். அவங்க படங்களைத் தேடிப் பாருங்க. ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் யார் முகத்துக்கு வைக்கப்பட்டிருக்கு என்று மட்டும் கவனிங்க.

சாயங்காலத்துக்கு வேலை இருக்கு. மூணு இடம், ஆளுக்குப் பன்னிரண்டு படம். சாந்தோம் சுவருக்கு முன் நிழலில் ஒரு முகம்: வெளிச்சப் பூட்டு. ரங்கநாதன் தெருவில் இரண்டு பேர்: ஃபோகஸ் பூட்டு. அடையாறு ஊரூர் குப்பத்தில் கடலைப் பின்னணியாக வைத்து, வலை பார்க்கிற கை ஓரத்தில், படகு நடுவில்: இரண்டு பூட்டும். கேட்டுட்டு எடுங்க, வேண்டாம்னா கேமராவை இறக்குங்க. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் எதை அளந்தீங்க, எங்கே குவிச்சீங்க, எதுக்காகத் திருப்பினீங்க என்று எழுதுங்க. கான்டாக்ட் பிரிண்ட் வந்ததும் நோட்டையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.